பள்ளிக்கரணை: ஆள் பெருகியதாலா, வீடு பெருகியதாலா?

துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் 200 அடிச் சாலையில் குளிர்காலக் காலை நேரத்தில் போனால், சாலையோரத் தண்ணீரில் பூநாரைக் கூட்டம் நிற்பதைப் பார்க்கலாம். அதே நேரம் காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், பெருங்குடிக் குப்பைமேட்டின் நாற்றம் மூக்கில் ஏறும். பேருந்தில் பாதிப் பேர் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள், மீதிப் பேர் கைக்குட்டையை எடுப்பார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

தென்சென்னையின் இந்தப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: "ஜனத்தொகை ஏறிக்கிட்டே போகுது, இடம் எங்க இருக்கு?" கேட்கச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் முழுதாக ஒத்துவரவில்லை. எங்கே ஒத்துவரவில்லை என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் எண்கள். சென்னைப் பெருநகரப் பகுதியில் 1971இல் சுமார் 35 லட்சம் பேர் இருந்தார்கள். 2011இல் 86 லட்சத்துக்கு மேல். ஏறத்தாழ இரண்டரை மடங்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. இன்று வனத்துறையின் கையில் காப்புக்காடாக இருப்பது ஏறத்தாழ 700 ஹெக்டேர். அதாவது, மக்கள் இரண்டரை மடங்கு ஆவதற்குள் நிலம் ஏழில் ஒரு பங்காகிவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுப் பார்த்தாலும் இந்த வேகம் விளங்காது.

சதுப்பு என்ன வேலை செய்தது

தென்சென்னையின் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிந்தது. கடலோரத்தில் மணல்மேடு. நடுவில் தட்டு போல ஒரு தாழ்வு. மழை பெய்தால் தாம்பரம் பக்கத்துத் தண்ணீர் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கி வரும். ஒன்று நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்ததற்கு வரத்து. இப்படி 31 நீர்நிலைகளின் உபரி, சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுந்த மழை, கடைசியில் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணை. இங்கே அது நின்று, பரவி, மணலுக்குள் இறங்கி, மிச்சம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடும். வெளியேற இது ஒன்றுதான் பெரிய வாசல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5,000 ஹெக்டேரில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் 5 கோடி கன மீட்டர். நம் பழைய அளவில் இரண்டு டி.எம்.சி.க்குக் (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) கொஞ்சம் குறைவு, சுமார் 1.77. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.6 டி.எம்.சி. சொச்சம். ஆக, கரை கட்டாமல், மதகு வைக்காமல், ஒரு பைசா செலவில்லாமல் பாதி செம்பரம்பாக்கம் தென்சென்னையில் கிடந்திருக்கிறது. 700 ஹெக்டேரில் அதே ஒரு மீட்டர் என்றால் கால் டி.எம்.சி. இடைவெளியான ஒன்றரை டி.எம்.சி. எங்கே போய் நிற்கும்? வேளச்சேரியில் கார் நிறுத்தும் தளத்தில்.

பதிவேட்டில் இருந்த பெயர்

இந்த மாதிரி தாழ்நிலத்துக்குத் தமிழில் கழுவெளி என்று அழகான பெயர் உண்டு. மரக்காணம் பக்கத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு ஏரி இன்றும் இருக்கிறது. ஆனால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் அழகுக்கு இடமில்லை. ஆங்கிலேயர் நிலத்தை அளந்தது தீர்வை போட. தீர்வை தராத நிலம் அவர்கள் கணக்கில் தரிசு, அல்லது புறம்போக்கு. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் இங்கே மீன் பிடித்தார்கள், கோரை அறுத்தார்கள், ஓரங்களில் நெல் நட்டார்கள். அது எதற்கும் பதிவேட்டில் தனிக் கட்டம் கிடையாது. சுதந்திரம் வந்தது, பதிவேடு மாறவில்லை.

என் பார்வையில் இந்தக் கதையின் முடிச்சே இதுதான். நகரம் பெருகுகிறது; இடம் வேண்டும். அதிகாரி வரைபடத்தை விரிக்கிறார். விளைநிலத்தை எடுத்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும், வழக்கு வரும். "தரிசு" என்று எழுதியிருக்கும் இடத்தை எடுத்தால் ஒரு கடிதம் போதும். மக்கள்தொகை ஒரு அழுத்தம், சரி. அந்த அழுத்தம் எந்தப் பக்கம் பாயும் என்பதைத் தீர்மானித்தது பதிவேட்டின் ஒரு சொல்.

யார் யார் வந்தார்கள்

முதலில் வந்தவர்கள் குடியேறிகள் அல்லர். குப்பை வந்தது. 1980களில் சென்னை மாநகராட்சி பெருங்குடியில் கொட்ட ஆரம்பித்தது. கவனிக்க வேண்டியது, அப்போது பெருங்குடி மாநகராட்சிக்குள் இல்லை. 2011இல் எல்லை விரிந்தபோதுதான் உள்ளே வந்தது. நகரம் தன் குப்பையைப் பக்கத்து ஊரின் தண்ணீரில் கொட்டியது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் பக்கத்திலேயே அமைந்தது. பிறகு ஆராய்ச்சி நிறுவனங்கள்: தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், தேசிய காற்றாற்றல் நிறுவனம். கடலையும் காற்றையும் ஆராய்பவர்களுக்குச் சதுப்பில் இடம் ஒதுக்கியதை என்னவென்று சொல்வது! அப்புறம் சதுப்பைக் குறுக்கே வெட்டிய 200 அடிச் சாலை. அதே சாலை பல்லாவரம் பெரிய ஏரியையும் இரண்டாகப் பிளந்துதான் வருகிறது. பறக்கும் ரயில் 2007 நவம்பரில் வேளச்சேரி வரை நீண்டது.

2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. பழைய மாமல்லபுரம் சாலை, ராஜீவ் காந்தி சாலை ஆனது, 2008இல் ஆறு வழியானது. வேலை வந்த இடத்துக்கு வீடு வரும். அரசே முன்னால் போய் நிறுவனமும் சாலையும் கட்டிய இடத்தில், "இங்கே வீடு கட்டலாமா" என்று சந்தேகப்பட சாதாரண மனிதருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? மனை விற்றவர் காட்டியது பட்டா. வங்கி கடன் கொடுத்தது. மின் இணைப்பு வந்தது, சொத்து வரி ரசீது வந்தது. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. தண்ணீருக்கு மட்டும் காகிதம் படிக்கத் தெரியவில்லை.

வேளச்சேரி ஏரி ஒரு தனிக் கதை. 265 ஏக்கர் இருந்தது, இன்று 55 ஏக்கர் சொச்சம். இதிலும் கணிசமான பங்கு, அரசின் வீட்டுவசதி அமைப்புகளுக்கே ஒதுக்கப்பட்டது. ஆக்கிரமிப்பு என்றதும் கூரைக் குடிசையைக் கற்பனை செய்வது நம் பழக்கம். அந்தப் படம் இங்கே பொருந்தாது.

பிறப்பா, வருகையா, வீடா

இப்போது மக்கள்தொகைக் கணக்குக்கு வருவோம். இங்கேதான் எனக்கு வியப்பு.

2001 முதல் 2011 வரை, பழைய சென்னை மாவட்டத்துக்குள் மக்கள்தொகை 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சம் ஆனது. 7 விழுக்காடுதான். மாநிலம் முழுக்க 15.6 விழுக்காடு. ஆனால் பள்ளிக்கரணையும் சோழிங்கநல்லூரும் தாம்பரமும் அப்போது அடங்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து 40 லட்சமாக, ஏறத்தாழ 39 விழுக்காடு வளர்ந்தது. நகரத்தின் நடு நிரம்பி நின்றுவிட்டது, விளிம்பு வீங்கியது. சதுப்பு இருந்தது விளிம்பில்.

இந்த வீக்கம் பிள்ளைப்பேற்றால் வந்ததில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 2005-06 தேசியக் குடும்பநல ஆய்விலேயே 1.8க்கு இறங்கிவிட்டது. 2019-21 ஆய்விலும் அதே 1.8. மக்கள்தொகை நிலையாக நிற்க 2.1 வேண்டும். அதாவது சதுப்பு வேகமாக அழிந்த அதே ஆண்டுகளில் இந்த மாநிலம் "நாம் இருவர் நமக்கு இருவர்" கோஷத்தைத் தாண்டிப் போயிருந்தது.

அப்படியானால் என்ன பெருகியது? குடும்பங்கள். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 1.42 கோடிக் குடும்பங்கள், 2011இல் 1.85 கோடி. பத்தாண்டில் 30 விழுக்காடு. ஆட்கள் கூடியதைப் போல இரண்டு மடங்கு வேகம். கூட்டுக்குடும்பம் பிரிந்தது, ஊரில் அப்பா அம்மா, இங்கே மகன் மருமகள், இன்னொரு நகரத்தில் மகள். ஐந்து பேர் ஒரு கூரையின் கீழ் இருந்தது போய், அதே ஐந்து பேருக்கு இரண்டு சமையலறை, இரண்டு போர், இரண்டு வாகன நிறுத்தம், இரண்டு குப்பைக்கூடை. இதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அப்படித்தான் வந்தவன். ஆனால் நிலத்தைத் தின்றது தலைகளின் எண்ணிக்கையைவிட கதவுகளின் எண்ணிக்கை என்பது கணக்கில் தெரிகிறது. குப்பையும் அப்படியே. இன்று சென்னை ஒரு நாளில் போடும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். 1971இல் இருந்த வீட்டில் பிளாஸ்டிக் பால் உறையும் இல்லை, வீட்டு வாசலுக்கு வரும் அட்டைப்பெட்டியும் இல்லை.

2015, 2019

இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சென்னையைப் புரிந்துகொள்ள முடியாது.

2015 நவம்பரில் சென்னையில் 1,049 மி.மீ. மழை. 1918க்குப் பிறகு எந்த நவம்பரிலும் அவ்வளவு பெய்ததில்லை. ஏரிகள் ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோது டிசம்பர் 1ஆம் தேதி வந்தது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. நாம் மேலே பார்த்த ஏரிச் சங்கிலியின் தலைமாட்டில் விழுந்த மழை அது. செம்பரம்பாக்கம் திறந்த தண்ணீர் அடையாற்றில் வந்து ஊரை மூழ்கடித்ததைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கத்தை மூழ்கடித்ததில் அடையாற்றைவிட இந்தச் சங்கிலிக்கே பங்கு அதிகம். ஏரிகளிலிருந்து இறங்கிய தண்ணீர் வழக்கமான இடத்துக்குத்தான் வந்தது. அங்கே வீடுகள் இருந்தன. ஒரே வாசலான ஒக்கியம் மடுவு அத்தனையையும் விழுங்க முடியாமல் திணறியது. மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்களில் பலருக்குத் தாங்கள் நிற்பது ஒரு ஏரியின் வரத்துக் கால்வாய் மேல் என்பது அன்றுதான் தெரிந்தது.

மூன்றரை ஆண்டு கழித்து 2019 ஜூன். முந்தைய வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. குடிநீர் வாரியம் நாளொன்றுக்கு 52 கோடி லிட்டர் அளவுக்குத்தான் தர முடிந்தது. உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. ராஜீவ் காந்தி சாலை மென்பொருள் நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது கொரோனாவுக்கு முன்பே, தண்ணீர் இல்லாததால். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ராஜீவ் காந்தி சாலையோர அடுக்குமாடிகள் பலவற்றுக்கும் குழாய்த் தண்ணீர் இணைப்பே அப்போது கிடையாது. எல்லாம் லாரிதான். லாரிக்குத் தண்ணீர் எங்கிருந்து? சுற்றுவட்டக் கிராமத்து வயல் கிணறுகளிலிருந்து. நகரத்தின் வளர்ச்சி அதன் எல்லைக்குள் நிற்பதில்லை என்பதற்கு இந்த லாரி வரிசையே சாட்சி.

"இவ்வளவு ஜனத்துக்கு எங்கேயிருந்து தண்ணீர்?" என்ற கேள்வி அன்று எல்லார் வாயிலும் இருந்தது. இதையும் கணக்காகவே பார்ப்போம். 2011இல் சென்னைப் பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்குச் சராசரியாக 456 கோடி லிட்டர் வானத்திலிருந்து விழுகிறது. 2011இன் 86 லட்சம் பேருக்கும், நகர்ப்புற அளவுகோலான ஆளுக்கு 135 லிட்டர் கொடுத்தால் தேவை 117 கோடி லிட்டருக்குள். விழுவது தேவையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அத்தனையையும் பிடிக்க முடியாது, உண்மைதான். ஆவியாகும், ஓடும், மழை நான்கே மாதத்தில் பெரும்பகுதி கொட்டித் தீர்க்கும். ஆனால் கொட்டித் தீர்ப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தானே ஏரியும் சதுப்பும் இருந்தன. 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதற்கு நல்ல பலன் இருந்தது. மொட்டை மாடியில் விழும் தண்ணீரைக் குழிக்குள் விட்டோம். ஊர்த் தண்ணீரை விட வேண்டிய குழியில் அடுக்குமாடி கட்டினோம். இப்போது மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம், மின்சாரத்தைக் கொட்டி.

பெரும்பாக்கம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான்.

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரையோரம் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை நகரத்திலிருந்து எடுத்துத் தெற்கே கொண்டுபோய் வைக்கும் வேலை 2000 வாக்கில் கண்ணகி நகரில் தொடங்கியது. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. அதன் பின் பெரும்பாக்கம், எட்டு மாடிக் கட்டடங்கள். மூன்றும் சேர்த்து 40,000 வீடுகளுக்கு மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சொன்ன காரணம்: ஆற்றங்கரை ஆபத்து, பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுகிறோம். மாற்றிய இடம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பெருமழை வந்தால் தண்ணீரில் நிற்பவை. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வெள்ளம் வரும் இடத்துக்கே குடிவைத்தது எப்படி நடந்தது? மறுபடியும் அதே பதிவேடுதான். இவ்வளவு பேருக்கு ஒரே இடத்தில் மலிவாக நிலம் வேண்டுமென்றால் கிடைப்பது யாரும் வேண்டாத தாழ்நிலம்.

நகரத்தில் வீட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை 20, 25 கிலோமீட்டர் தள்ளிப் போனது. பேருந்துக்கு இரண்டு மணி நேரம். ஒரு நகரம் தன் மக்களை எங்கே வைக்கிறது என்பதையும் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பேருந்துப் புகையும் அதில் அடக்கம்.

மீண்டது கொஞ்சம்

எல்லாமே தோல்வி என்று எழுதினால் பொய்யாகிவிடும். உள்ளூர்க்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் பல ஆண்டுகள் விடாமல் கத்தியதால்தான் 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர் பரப்பு கூடியது. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் நிலமானது, அதாவது சதுப்புநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இடம்பெற்றது, காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள பகுதியும் சேர்த்து 1,247 ஹெக்டேருடன். அதே 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து ஊரைப் புகையால் மூடியதும் நடந்தது. ஒரே ஆண்டில் உலக அங்கீகாரமும் குப்பைத் தீயும். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையும் தொடங்கியது. 200 ஏக்கருக்கு மேல், சுமார் 30 லட்சம் கன மீட்டர்.

ஏரிச் சங்கிலியில் செம்பாக்கம் போன்ற சில ஏரிகளைத் தூர்வாரிச் சீர்செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஏரியாக மட்டும் பார்த்தால் அழகாக இருக்கிறது, நடைபாதை, பெஞ்சு, மின்விளக்கு. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் ஓடும் கால்வாயைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். பல இடங்களில் அது ஒரு தெருவாகவோ, சாக்கடையாகவோ, வீட்டுச் சுவராகவோ இருக்கிறது. சங்கிலியில் கண்ணிகளை மெருகேற்றி இணைப்பை விட்டுவிட்டால் தண்ணீர் எப்படி இறங்கும்?

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும், சதுப்பின் தாக்க மண்டலத்தை வரையறுத்து முடிக்கும்வரை புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு கிலோமீட்டர் என்றதும் பெருங்குடி, வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம் எல்லாம் உள்ளே வருகிறது. 20 ஆண்டு மாதத்தவணை கட்டி 800 சதுர அடி மனை வாங்கி, திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்தவர் ஒரு பக்கம் நிற்கிறார், "என் பட்டாவில் சதுப்பு என்று எங்கேயும் போடவில்லையே" என்று. அவர் சொல்வது உண்மை. இன்னொரு பக்கம் நிலத்துக்கும் நீருக்கும் எல்லை வரைய வேண்டிய அளவையர்கள், வருவாய்த் துறையின் பழைய புல எண்களைக் கையில் வைத்துக்கொண்டு.

2021இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், விளிம்பில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு 2011தான் இன்னும் கடைசி முழுக் கணக்கு. அடுத்தது 2027. கணக்கு வரும்வரை வடகிழக்குப் பருவமழை காத்திருக்காது. அக்டோபர் பிறந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். போக்குவரத்துப் போலீஸ் அபராதம் போட்டாலும் பரவாயில்லை என்கிறார்கள்.